கட்டைவிரல் பக்கம் திறந்த கண்ணிகள்: மாணவர் விரல்ரேகை வகைப்பாட்டுச் செய்முறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தடய அறிவியல் இளநிலைப் பட்டப்படிப்பின் முதலாண்டு மாணவர்கள் தம் பத்து விரல்களின் ரேகைகளையும் தாமே எடுத்து, வகை பிரித்து, செய்முறைக் குறிப்பேட்டில் பதிந்திருந்தார்கள். புறத்தேர்வாளர் என்ற முறையில் அந்தக் குறிப்பேடுகள் என் பார்வைக்கு வந்தன. ஒவ்வொன்றையும் தனியே புரட்டியபோது குறை சொல்ல அதிகம் இல்லை. பதிவுகள் தெளிவாக இருந்தன, ரேகைகள் பிரியும் புள்ளியான டெல்டாவும் உருவத்தின் மையமும் சிவப்பு மையால் குறிக்கப்பட்டிருந்தன, அட்டவணையில் விரல்வாரியாக வகை எழுதப்பட்டிருந்தது. பல குறிப்பேடுகளின் அட்டவணைகளை ஒருசேர மேசையில் விரித்து வைத்தபோதுதான் பிசகு கண்ணில் பட்டது. கண்ணி வடிவங்களில் மிகப் பெரும்பாலானவை ரேடியல் வகை, அதாவது கட்டைவிரல் பக்கம் திறப்பவை, என்று பதிவாகியிருந்தன. சுண்டுவிரலில்கூட ஒருவர் பின் ஒருவராக ரேடியல் என்றே எழுதியிருந்தார்கள்.

இது ஏன் உறுத்த வேண்டும் என்பதற்கு வகைப்பாட்டின் அடிப்படையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். விரல் நுனியில் ரேகைகள் அமையும் கோலத்தை 1823-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பர்கின்யே ஒன்பது வகைகளாகப் பிரித்து விவரித்தார். அதைக் குற்றவாளியை அடையாளம் காணும் வேலையோடு அவர் தொடர்புபடுத்தவில்லை. 1892-இல் பிரான்சிஸ் கால்டன் அவற்றை மூன்று பெரும் வகைகளாகச் சுருக்கினார். ஆய்வகப் பேச்சில் ஆர்ச், லூப், வோர்ல் என்றே வழங்கும் வில், கண்ணி, சுழி ஆகியவையே அவை. ரேகை ஒரு பக்கம் நுழைந்து, நடுவில் சற்றே மேடிட்டு, மறுபக்கம் வெளியேறினால் அது வில். நுழைந்த ரேகை திரும்பி வளைந்து, நுழைந்த பக்கமாகவே வெளியேறினால் கண்ணி. அதற்கு ஒரு டெல்டா உண்டு. இரண்டு டெல்டாக்களும், அவற்றுக்கு எதிரே திரும்பி வளையும் ரேகைகளும் இருந்தால் சுழி. இணையாக ஓடிவரும் இரண்டு ரேகைகள் பிரிந்து உருவத்தைச் சூழ்ந்துகொள்ளும் இடத்துக்கு நேர் முன்னால் கிடைக்கும் முதல் ரேகைப் புள்ளிதான் டெல்டா. வகைப்பாட்டின் ஏறக்குறைய எல்லா விதிகளும் இந்தப் புள்ளியைச் சரியாகக் கண்டுபிடிப்பதைச் சார்ந்தே நிற்கின்றன.

கண்ணிகள் மேலும் இரண்டாகப் பிரியும். முன்கையின் அல்னா எலும்பு இருக்கும் பக்கமாக, அதாவது சுண்டுவிரலை நோக்கித் திறப்பது அல்னார் கண்ணி. ரேடியஸ் எலும்பின் பக்கமாக, கட்டைவிரலை நோக்கித் திறப்பது ரேடியல் கண்ணி. பொதுவாக நூறு விரல் பதிவுகளை எடுத்துக்கொண்டால் 60 முதல் 65 வரை கண்ணிகளாகவும், 30 முதல் 35 வரை சுழிகளாகவும், 5 அளவில் வில்களாகவும் இருக்கும் என்பது பாடநூல்கள் தரும் கணக்கு. அந்தக் கண்ணிகளுள் ரேடியல் வகை மிகச் சிறுபான்மை. அப்படிக் காணப்படுபவையும் பெரும்பாலும் ஆள்காட்டி விரலிலேயே காணப்படும். சுண்டுவிரலில் ரேடியல் கண்ணி கிடைத்தால் அனுபவமுள்ள நிபுணர் முதலில் வலக்கை இடக்கை மாறிவிட்டதா என்றுதான் தாளைத் திருப்பிப் பார்ப்பார். ஒரு வகுப்பு முழுவதும் அந்த அரிய வகையே நிறைந்திருக்கிறது என்றால், அரிதானது விரலில் இருக்க வாய்ப்பில்லை. விரலிலிருந்து தாளுக்கு வந்த வழியில்தான் ஏதோ நேர்ந்திருக்க வேண்டும்.

மாணவர்களில் சிலரும் இந்த முரணைக் கவனித்திருந்தார்கள். முடிவுரையில் ஒருவர், மேலைநாட்டுப் பாடநூல்களின் விகிதம் நம் மக்களுக்குப் பொருந்தாமல் இருக்கலாம் என்று எழுதியிருந்தார். ஊகம் அறிவற்றதன்று. சுழியின் விகிதமும் வில்லின் விகிதமும் மக்கள்கூட்டத்துக்கு மக்கள்கூட்டம் வேறுபடும் என்பது நன்கு அறியப்பட்டதே; ஆசிய மக்களிடையே சுழி கூடுதலாகக் காணப்படுவது வழக்கம். கருவின் விரல் நுனிகளில் தோன்றும் சதைத்திண்டுகள் எவ்வளவு உயரமாக இருக்கும்போது ரேகைகள் உருவாகத் தொடங்குகின்றன என்பதைப் பொறுத்து வடிவம் அமைகிறது; திண்டு உயர்ந்தும் சமச்சீராகவும் இருந்தால் சுழியும், தாழ்ந்திருந்தால் வில்லும், ஒருபக்கம் சாய்ந்திருந்தால் கண்ணியும் உருவாகும் போக்கு உண்டு. இதில் பரம்பரையின் பங்கு இருப்பதால் விகிதங்கள் சிறிது முன்பின்னாகலாம். ஆனால் அல்னாரும் ரேடியலும் அப்படியே இடம் மாறிக்கொள்ளும் அளவு வேறுபாட்டைப் பரம்பரையால் விளக்க முடியாது. அந்த மாணவரின் முடிவுரையில் பிழை, ஊகித்ததில் இல்லை. ஊகத்தைச் சோதித்துப் பார்க்காமல் முடிவாக எழுதியதில் இருக்கிறது.

வாய்மொழித் தேர்வின்போது ஒரு மாணவி தானாகவே பேச்சை எடுத்தார்: "சார், புக்ல அல்னார்தான் ஜாஸ்தின்னு போட்டிருக்கு, எனக்கு வந்ததெல்லாம் ரேடியல். மாத்தி எழுதிடலாமான்னு யோசிச்சேன். பார்த்ததைத்தானே எழுதணும்னு அப்படியே விட்டுட்டேன்." எல்லோரும் அப்படி விட்டுவிடவில்லை. இரண்டு மூன்று குறிப்பேடுகளில் முதலில் எழுதிய 'ரே' என்ற சுருக்கக் குறியைச் சுரண்டிவிட்டு அதன்மேல் 'அ' என்று எழுதியிருந்தது தாளைச் சாய்த்துப் பிடித்தபோது தெரிந்தது. இந்தச் செய்முறையில் பாடநூலோடு ஒத்துப்போன விடைகள் பெரும்பாலும் அந்தக் குறிப்பேடுகளில்தான் இருந்தன. ஆயினும் மதிப்பெண் வழங்கும்போது பிழையான விடையை நேர்மையாகப் பதிந்த மாணவிக்கே நான் கூடுதலாகக் கொடுத்தேன். சுரண்டப்பட்ட பதிவில் விடை சரியாக இருந்தாலும் கருவியின் குறை மறைந்துபோகிறது. அந்த மாணவியைப் போன்றவர்களின் அட்டவணை இருந்ததால்தான் இந்த ஆய்வே நடந்தது.

இனி, காரணத்தைத் தேடிய விதம். ஐயப்பட வேண்டியவை மூன்று. முதலாவது, அல்னார், ரேடியல் என்ற பெயர்களை வகுப்பே மாற்றிப் புரிந்துகொண்டிருக்கலாம். கையேட்டில் அச்சுப்பிழை இருந்தாலும் இந்த விளைவு வரும். இரண்டாவது, வலக்கை விரல்களின் பதிவுகள் இடக்கைக்குரிய கட்டங்களிலும் இடக்கையினுடையவை வலக்கைக் கட்டங்களிலும் ஒட்டப்பட்டிருக்கலாம். மூன்றாவது, பதிவே இடவலம் மாறிய பிம்பமாக இருக்கலாம். மூன்றும் ஒரே அறிகுறியைத் தரும் என்பதுதான் சிக்கல். அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் யோசித்தாலும் எது என்று சொல்ல முடியாது.

முதலாவது எளிதில் விலகியது. கையேட்டில் படமும் பெயரும் சரியாக இருந்தன. கேட்ட மாணவர்கள் எல்லோரும் ரேடியஸ் எலும்பு கட்டைவிரல் பக்கம் இருப்பதைத் தம் முன்கையைத் தொட்டே காட்டினார்கள். இரண்டாவதை விலக்க ஒரு தழும்பு உதவியது. ஒரு மாணவரின் இடக்கை ஆள்காட்டி விரலில் பழைய வெட்டுக்காயத்தின் வெள்ளைக்கோடு ரேகைகளைக் குறுக்கே அறுத்துச் சென்றது. அவருடைய தாளில் அந்தக் கோடு இடக்கை ஆள்காட்டி விரலுக்கான கட்டத்திலேயே இருந்தது. ஆகவே கட்டங்கள் மாறவில்லை. ஆனால் அதே தழும்பு மூன்றாவதை உறுதிப்படுத்தவும் செய்தது. விரலை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தபோது கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ, தாளிலும் அதே பக்கமே சாய்ந்திருந்தது. மையில் தோய்த்துத் தாளில் அழுத்திய பதிவாக இருந்திருந்தால் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

இங்கே செய்முறை எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அச்சு மையும் கண்ணாடிப் பலகையும் ரப்பர் உருளையும் கொண்டு ரேகை எடுப்பதே முறையான வழி. அது கையைக் கறையாக்கும், கழுவ மண்ணெண்ணெயோ சோப்போ வேண்டும், ஒவ்வொருவருக்கும் நேரம் பிடிக்கும். அதனால் பல ஆய்வகங்களில் முதற்பயிற்சிக்குப் பென்சிலும் செலோ டேப்பும் போதும் என்று வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளைத் தாளில் மென்மையான பென்சிலால் அழுத்தித் தேய்த்துக் கரித்திட்டு ஒன்று உண்டாக்கி, விரல் நுனியை அதில் உரசி, விரலின்மேல் டேப்பை ஒட்டி எடுத்து, அந்த டேப்பைப் பதிவுத் தாளில் ஒட்டிவிட வேண்டும். ரேகை மேடுகளில் ஏறிய கிராஃபைட் டேப்பின் பசையில் பிடித்துக்கொள்ளும்; பதிவு பெரும்பாலும் மைப்பதிவைவிடத் தெளிவாகவே வரும். குறை தெளிவில் இல்லை, திசையில் இருக்கிறது.

விரல் தாளைத் தொட்டுப் பதியும்போது விரலின் முகமும் தாளின் முகமும் எதிரெதிரே நிற்கின்றன. ஆகவே தாளில் விழுவது விரலை நேரே பார்க்கும்போது தெரியும் கோலத்தின் இடவலம் மாறிய பிம்பம். ரப்பர் ஸ்டாம்பில் எழுத்து திரும்பியிருந்து தாளில் நேராக விழுவது இதனால்தான். டேப் முறையிலோ, பசைப்பக்கம் விரலைத் தொடுகிறது. பிறகு அதே பசைப்பக்கம் தாளைத் தொடுகிறது. நாம் பார்ப்பது டேப்பின் முதுகுப்பக்கத்திலிருந்து. விரல்மேல் டேப் ஒட்டியிருந்தபோது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தோமோ, தாளில் ஒட்டிய பிறகும் அதே பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். எனவே கண்ணுக்குத் தெரிவது விரலின் நேர்த்தோற்றமே. ஸ்டாம்பின் முகத்தையே பார்ப்பதற்கு ஒப்பானது இது. பாடநூல்களிலும் காவல்துறைத் தாள்களிலும் உள்ள படங்கள் எல்லாம் மைப்பதிவின் வழக்கப்படி அமைந்தவை. வலக்கையின் அல்னார் கண்ணி மைப்பதிவில் வலப்பக்கம் திறக்கும். டேப் பதிவில் அதே கண்ணி இடப்பக்கம் திறக்கும். படத்தோடு ஒப்பிட்ட மாணவர் அதை ரேடியல் என்று எழுதினார். கண் பிசகவில்லை, விதியும் பிசகவில்லை; கண்ணுக்கு முன் வைக்கப்பட்ட படம்தான் வேறு பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

இதற்கு எதிர்பாராத சான்று ஒன்றும் குறிப்பேடுகளுக்கு உள்ளேயே கிடந்தது. ஒரு மாணவி டேப்பைத் தாளில் ஒட்டாமல் ஓஎச்பி எனப்படும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் ஒட்டியிருந்தார். மேசை விளக்கின் வெளிச்சம் டேப்பின்மேல் பளபளத்துப் பார்வையை மறைத்ததால், தாளைத் திருப்பிப் பிடித்து மறுபக்கம் வழியாக உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து வகைப்படுத்தியதாகச் சொன்னார். அவருடைய அட்டவணையில் அல்னார் கண்ணிகள் மிகுந்தும் ரேடியல் ஆள்காட்டி விரலில் மட்டும் ஒன்றுமாக, பாடநூல் சொல்லும் அமைப்பிலேயே இருந்தன. தாளைத் திருப்பிய அந்த ஒரே செயல் பிம்பத்தைச் சரிசெய்துவிட்டது. அவர் திட்டமிட்டுச் செய்ததல்ல என்பதால் இந்தச் சான்று எனக்கு மேலும் மதிப்புடையதாகப் பட்டது.

பிறகு சில மாணவர்களின் விரல்களை மையிட்டு உருட்டிப் பதிந்து, டேப் பதிவோடு அருகருகே வைத்துப் பார்த்தோம். எது மாறியது, எது மாறவில்லை என்பதைப் பிரித்துக் காண்பது வகைப்பாட்டு முறையையே உள்ளிருந்து புரிந்துகொள்ள உதவியது. வில், கண்ணி, சுழி என்ற பெரும்பகுப்பு மாறவில்லை. பிம்பம் திரும்பினாலும் டெல்டாக்களின் எண்ணிக்கை அதுவேதான். டெல்டாவுக்கும் மையத்துக்கும் இடையே கற்பனைக் கோடு இழுத்து, அது வெட்டும் ரேகைகளை எண்ணும் ரேகை எண்ணிக்கையும் மாறவில்லை. மாறியவை திசை சார்ந்த இரண்டு. ஒன்று, கண்ணியின் அல்னார், ரேடியல் பிரிவு. மற்றொன்று, சுழியில் செய்யும் தடம் தொடர்தல். இடப்பக்க டெல்டாவிலிருந்து கிளம்பும் ரேகையைத் தொடர்ந்து சென்று, அது வலப்பக்க டெல்டாவுக்கு உட்புறமாக மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ரேகைகள் இடைவெளியில் கடந்தால் 'இன்னர்' என்றும், வெளிப்புறமாக அவ்வாறு கடந்தால் 'அவுட்டர்' என்றும், இரண்டும் இல்லாவிட்டால் 'மீட்டிங்' என்றும் எழுதுவது விதி. திரும்பிய பிம்பத்தில் இன்னர் அவுட்டராகவும் அவுட்டர் இன்னராகவும் மாறின. மீட்டிங் மட்டும் அப்படியே இருந்தது. பெயர்க்குழப்பமோ கட்டக்குழப்பமோ இந்தத் தடத்தைத் தொட்டிருக்காது. மூன்று ஐயங்களையும் பிரித்துக் காட்டும் சோதனை இதுதான் என்று பிறகு தோன்றியது. தழும்புள்ள மாணவர் வகுப்பில் இல்லாதிருந்தால் இதைத்தான் நாட வேண்டியிருந்திருக்கும்.

திசைப்பிழை எவ்வளவு தூரம் போகும் என்பதை ஹென்றி முறை தெளிவாகக் காட்டுகிறது. கல்கத்தாவில் 1897-இல் உலகின் முதல் விரல்ரேகைக் கூடம் தொடங்கியபோது அங்கே கையாளப்பட்டது இம்முறை. வங்கக் காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்கினாலும், அதன் கணித அமைப்பை வகுத்ததில் காஜி அஜீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய அதிகாரிகளின் பங்கு பெரிது. 1901-இல் அது லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்றது. வலக்கைக் கட்டைவிரலில் தொடங்கி இடக்கைச் சுண்டுவிரல் வரை விரல்களுக்கு 1 முதல் 10 வரை எண் தரப்படும். இரண்டிரண்டு விரல்களாக 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு உண்டு. ஆனால் அந்த விரலில் சுழி இருந்தால்தான் மதிப்பு கணக்கில் சேரும். இரட்டைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்து மேலேயும், ஒற்றைப்படை விரல்களின் கூட்டுத்தொகையோடு 1 சேர்த்துக் கீழேயும் எழுதினால் முதன்மை வகுப்பு கிடைக்கும். 32-ஐ 32-ஆல் பெருக்க வரும் 1024 அறைகளில் ஒன்றில் அந்தத் தாள் போய்ச் சேரும்.

சுழி மட்டுமே எண்ணப்படுவதால் திரும்பிய பிம்பம் முதன்மை வகுப்பைத் தொடுவதே இல்லை. தாள் சரியான அறைக்குத்தான் செல்லும். அறைக்கு உள்ளே அடுத்த பிரிவு, வலக்கை ஆள்காட்டி விரலின் வகையை மேலேயும் இடக்கை ஆள்காட்டி விரலின் வகையைக் கீழேயும் எழுதிப் பிரிப்பது. அல்னார் மேல் அல்னார் என்று இருக்க வேண்டிய தாள் ரேடியல் மேல் ரேடியல் என்று மாறி, மிகச் சில தாள்களே இருக்கும் கட்டுக்குள் போய்விடும். அங்கே தேடுபவர் யாரும் இல்லை. முதல் சல்லடையில் தேறி இரண்டாம் சல்லடையில் தவறும் இத்தகைய பிழை, முதலிலேயே தவறுவதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது.

டேப் முறையில் வேறொரு குறையும் வெளிப்பட்டது. அது முதன்மை வகுப்பையே அடித்தது. வகுப்பில் பயன்படுத்திய டேப் அரை அங்குல அகலம் கொண்டது. சுண்டுவிரலுக்கு அது போதும், கட்டைவிரலுக்குப் போதாது. சுழியின் இரண்டு டெல்டாக்களும் விரலின் இரு ஓரங்களில் அமைவதால், குறுகிய டேப்பை நடுவில் ஒட்டினால் ஒன்றோ இரண்டுமோ விடுபடும். ஒரு மாணவி தன் வலக்கைக் கட்டைவிரலுக்கு எதிரே எழுதியிருந்த குறிப்பை இங்கே சுட்ட வேண்டும்: மையம் சுழிபோல் தோன்றுகிறது, ஆனால் ஒரு டெல்டாதான் இருக்கிறது, விதிப்படி கண்ணி. விதியை இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றிய ஒருவரைப் பிழைக்குள் தள்ளியது டேப்பின் அகலம். அவருடைய இடக்கை மோதிர விரலில் டேப் சற்றுச் சாய்வாக ஒட்டப்பட்டு அங்கும் ஒரு டெல்டா வெளியே நின்றுவிட்டது. டேப் பதிவின்படி அவருக்கு வலக்கை மோதிர விரலில் மட்டுமே சுழி; ஆகவே மேலே 8 உடன் 1 சேர்ந்து 9, கீழே 1. நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை உருட்டி எடுத்த மைப்பதிவில் கட்டைவிரலும் இடக்கை மோதிர விரலும் சுழிகளே என்று தெரிந்தன. கட்டைவிரலுக்கு 16, இடக்கை மோதிர விரலுக்கு 1, வழக்கமான 1, ஆகக் கீழே 18. ஒன்பதின் கீழ் ஒன்று என்றிருந்த தாள் ஒன்பதின் கீழ் பதினெட்டு என்று ஆனது. இரண்டும் வெவ்வேறு அறைகள். ஒன்றில் வைத்த தாளை மற்றொன்றில் தேடினால் எந்நாளும் கிடைக்காது.

மையிட்டு உருட்டும் முறைக்கும் நுட்பங்கள் உண்டு. கட்டைவிரலை உடலை நோக்கியும் மற்ற விரல்களை உடலை விட்டு வெளிப்புறமாகவும் உருட்டினால் கை முறுக்கிலிருந்து தளர்வுக்கு வரும், ரேகை இழுபடாது. ஒரே அழுத்தத்தில், ஒரே திசையில், ஒரே முறைதான் உருட்ட வேண்டும். முன்னும் பின்னும் உருட்டினால் பதிவு இரட்டிக்கும். உருட்டிய பதிவுகளுக்குக் கீழே நான்கு விரல்களையும் சேர்த்து அழுத்தி எடுக்கும் பதிவு, விரல்கள் வரிசை மாறாமல் இருக்கின்றனவா என்று சரிபார்க்கவே இருக்கிறது. இந்தச் சரிபார்ப்புக் கட்டத்தை மாணவர்கள் அலங்காரம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கணினியில் ரேகைகளை ஒப்பிடும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வியும் தேர்வறையில் வந்தது. இந்தியாவில் 2022-இல் தொடங்கப்பட்ட நாஃபிஸ் என்னும் தேசியத் தானியங்கி விரல்ரேகை அடையாள அமைப்பு ரேகை முடிவுகளும் கிளைப்புகளும் அமைந்த இடங்களை ஒப்பிட்டே வேலை செய்கிறது. ஹென்றி அறைகள் அங்கே இல்லை. ஆனால் இடவலம் மாறிய பதிவில் அந்த நுண்புள்ளிகளின் அமைப்பும் மாறிவிடுகிறது. அப்படியே உள்ளிட்டால் உரியவரின் பதிவு கிடங்கில் இருந்தும் பொருந்தாமல் போகும். சம்பவ இடத்தில் பொடி தூவி, ஒளிபுகும் டேப்பில் எடுத்து அட்டையில் ஒட்டும் பதிவு இந்தச் சிக்கலுக்கு ஆளாவதில்லை. அங்கே டேப் எடுப்பது விரலை அல்ல, விரல் ஏற்கெனவே பொருளின்மேல் பதித்த தடத்தை. ஆகவே அது மைப்பதிவின் திசையிலேயே இருக்கும். ஒளிபுகாத ஜெலட்டின் தாளில் எடுக்கும் பதிவோ திரும்பியே வரும். ஒப்பிடுவதற்கு முன் படத்தைத் திருப்ப வேண்டும். டேப் என்றால் நேர், ஜெலட்டின் என்றால் திரும்பியது என்று மனப்பாடம் செய்வதால் பயன் இல்லை. பதிவு எந்த முகத்தைத் தொட்டது, நாம் எந்த முகத்திலிருந்து பார்க்கிறோம் என்ற இரண்டையும் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வடிவ வகை ஒத்திருப்பது அடையாளம் ஆகாது என்பதையும் இதே இடத்தில் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வலக்கை நடுவிரலில் அல்னார் கண்ணி உள்ளவர்கள் கோடிக்கணக்கானோர். வகை ஒத்திராவிட்டால் ஒருவரை விலக்கலாம்; ஒத்திருந்தால் மேற்கொண்டு நுண்புள்ளிகளை ஒப்பிடத் தொடங்கலாம், அவ்வளவே. விலக்குவதற்கு உதவும் கருவி என்பதால்தான் திசைப்பிழை ஆபத்தானது. ரேடியல் என்று தவறாக வகைப்படுத்திய தடத்தைக் கொண்டு ஒப்பிட்டால், அல்னார் கண்ணியுடைய உண்மையான நபர் முதற்படியிலேயே விலக்கப்பட்டுவிடுவார்.

குறிப்பேடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஆதார் எண்ணையும் விரல்ரேகையையும் கொண்டே பணம் எடுக்க முடிகிற நாட்டில், பத்து விரல்களின் தெளிவான பதிவுகளைப் பெயரோடும் பதிவு எண்ணோடும் சேர்த்து ஆய்வக அலமாரியில் ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைப்பது நல்ல பழக்கமன்று. மதிப்பீடு முடிந்ததும் பதிவுத் தாள்களை மாணவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டால் பாடத்துக்கு எதுவும் குறையாது. துறையினர் இதை உடனே ஏற்றுக்கொண்டார்கள்.

டேப் முறையை அடியோடு விட்டுவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. செலவு குறைவு, தெளிவு மிகுதி, கையும் பாழாவதில்லை. இரண்டு திருத்தங்கள் போதும். முதலாவது, விரலின் அகலம் முழுவதையும் ஓரங்களோடு மூடும் அகன்ற டேப். இரண்டாவது, டேப்பை ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு விரலிலும் கட்டைவிரலை ஒட்டிய பக்கத்தில், ரேகை உருவத்துக்கு வெளியே, பென்சிலால் ஒரு சிறு புள்ளி. கட்டைவிரலுக்கு மட்டும் ஆள்காட்டி விரலுக்கு எதிர்ப்பக்கமாகப் புள்ளி வைக்க வேண்டும். அந்தப் புள்ளி ரேகையோடு சேர்ந்து டேப்பில் ஏறிவிடும். பதிவு திரும்பியிருந்தாலும் நேராக இருந்தாலும், தாளை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும், புள்ளியை நோக்கித் திறக்கும் கண்ணி ரேடியல், எதிர்ப்பக்கம் திறக்கும் கண்ணி அல்னார். இடம், வலம் என்ற சொற்களே தேவைப்படாது. மறுபடி நடந்த செய்முறையில் மாணவர்கள் இதைப் பின்பற்றியபோது ரேடியல் கண்ணிகள் ஆள்காட்டி விரல்களுக்குத் திரும்பிவிட்டன. தடம் தொடர்தலுக்கு மட்டும் புள்ளி உதவாது. அதற்குப் பதிவைத் திருப்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

திசைச் சிக்கல் தீர்ந்த பிறகும் ஒரு விரல் தீராமல் நின்றது. அதே தழும்புள்ள மாணவரின் வலக்கை ஆள்காட்டி விரல் அது. டேப் பதிவில் அதை வில்லின் ஒரு பிரிவான கூடார வில் என்று எழுதியிருந்தார். திரும்பி வளையும் ரேகை ஒன்று இருந்தது, டெல்டாவும் இருந்தது. ஆனால் டெல்டாவிலிருந்து மையத்துக்கு இழுத்த கோடு இடையில் எந்த ரேகையையும் வெட்டவில்லை. திரும்பும் வளைவு, டெல்டா, குறைந்தது ஒரு ரேகை எண்ணிக்கை ஆகிய மூன்றும் இருந்தால்தான் கண்ணி; இரண்டு மட்டும் இருந்தால் கூடார வில். அந்த வகையில் அவர் எழுதியது சரி. முதல் மைப்பதிவிலோ, டெல்டாவுக்கும் அதை அடுத்த ரேகைக்கும் நடுவே மயிரிழை அளவு வெள்ளை இடைவெளி தெரிந்தது. எண்ணத் தொடங்கும் முதல் ரேகைக்கும் டெல்டாவுக்கும் நடுவே வெள்ளை இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. அது இருந்ததால் அந்த ரேகை எண்ணிக்கையில் சேர்ந்தது. எண்ணிக்கை 1, ஆகவே கண்ணி. டேப் பதிவில் மிகுதியான கிராஃபைட் பள்ளத்தை அடைத்து இரண்டு ரேகைகளையும் ஒன்றாக்கியிருந்தது. உறுதிசெய்ய மறுபடி மையிட்டபோது மை சற்றுத் தடிப்பாக விழுந்து இடைவெளி மீண்டும் மூடிக்கொண்டது. இரண்டு தரப்பாகப் பிரிந்த மாணவர்கள் பெரும்பான்மையை வைத்து முடிவுசெய்யலாமா என்று கேட்டார்கள். ரேகைக் கூடங்களில் இத்தகைய ஐயப்பதிவுக்கு நெடுங்கால வழக்கம் ஒன்று உண்டு: தெளிவான பதிவின்படி ஒரு வகையை எழுதி, மற்ற வகைக்கும் ரெஃபரன்ஸ் குறித்து, இரண்டு இடங்களிலும் தேடுவார்கள். அதன்படியே அந்த விரலின் கட்டத்தில் 'கண்ணி, எண்ணிக்கை 1. ரெஃபரன்ஸ்: கூடார வில்' என்று எழுதி, கீழே மை தடித்த இரண்டாம் பதிவையும் இணைத்து வைத்தோம்.